பெரிய சர்வர் வாங்கினால் தேடல் வேகமாகுமா?

பில்லிங் சாஃப்ட்வேரோ இணையக் கடையோ, தேடல் மெதுவாகிவிட்டால் அலுவலகத்தில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இந்த சர்வர் தாங்காது, பெருசா ஒண்ணு வாங்கிடலாம்" என்பது ஒரு கட்சி. "ஹார்ட்வேர்ல ஒண்ணுமில்ல, இன்டெக்ஸ் போட்டா சரியாயிடும்" என்பது இன்னொன்று. (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைதான் இன்டெக்ஸ்.) இரண்டுமே சில நேரம் சரி, சில நேரம் தவறு. எது எப்போது சரி என்று தெரியாமலே முடிவெடுத்துவிடுகிறோம். அதனால்தான் சிபியுவுக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிய பிறகும் அதே தேடல் அதே நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எவ்வளவு இன்டெக்ஸ் போட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ரிப்போர்ட் இழுத்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

தேடலுக்கு ஆகும் நேரத்தை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது? ஒவ்வொரு இடத்தையும் எட்ட எவ்வளவு நேரமாகிறது? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது இன்டெக்ஸும் நாம் எழுதும் குவெரியும் (தரவைக் கேட்டு அனுப்பும் கட்டளை). இரண்டாவதற்குப் பதில் சொல்வது ஹார்ட்வேர். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட நம் காத்திருப்பு நேரம் வந்துவிடும்.

பத்திர நகல் எடுத்துத் தந்த விதம்

கணினி வருவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகல் கேட்டால் என்ன நடக்கும்? எழுத்தர் முதலில் அட்டவணைப் புத்தகத்தைத் திறப்பார். அதில் ஆட்களின் பெயர் வாரியாக ஒன்று, சொத்து வாரியாக ஒன்று எனத் தனித்தனியே இருக்கும். பத்திர எண்ணும், அது எந்தப் புத்தகத்தில் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் கிடைத்ததும், பதிவறைக்கு ஆள் போய் அந்தத் தொகுதியைத் தூக்கி வருவார். மேசையில் வைத்துப் பிரித்துப் படிப்பார்கள்.

தரவைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளான தரவுத்தளம் செய்வதும் இதேதான். படித்துப் பார்க்கும் எழுத்தர் சிபியு. மேசை ராம். பதிவறை டிஸ்க். அட்டவணைப் புத்தகம் இன்டெக்ஸ். அட்டவணை இல்லாவிட்டால் பதிவறையில் உள்ள எல்லாத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும். அட்டவணை இருந்தாலும் பதிவறை நான்கு தெரு தள்ளி இருந்தால் நடை மிஞ்சும். வேகமாகப் படிக்கக்கூடிய எழுத்தரை நியமிப்பதால் அந்த நடை குறையாது. சிபியுவை மாற்றியும் பலன் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பக்கம் என்ற அலகு

தரவுத்தளம் டிஸ்க்கிலிருந்து ஒரு வரியை மட்டும் தனியே எடுப்பதில்லை. தரவு முழுவதையும் சம அளவுத் துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் பக்கம் என்பார்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் தரவைச் சேமிக்கப் பயன்படுத்தும் இன்னோடிபி என்ற பகுதியில் 16 கிலோபைட். பத்து இலக்கத் தொலைபேசி எண் ஒன்று மட்டும் தேவைப்பட்டாலும் முழுப் பக்கமும் ராமுக்கு வந்தாக வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போவோம். ஓர் ஆர்டர் பட்டியலில் ஒரு கோடி வரிசைகள் இருக்கின்றன, ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றும் சுமார் 200 பைட். 8 கிலோபைட் பக்கத்தில் 40 வரிசைகள் அடங்கும். ஆக மொத்தம் இரண்டரை லட்சம் பக்கங்கள், ஏறத்தாழ 2 ஜிபி. இன்றைய கணக்கில் இது சின்னப் பட்டியல்தான்.

இன்டெக்ஸ் இல்லாமல் ஓர் ஆர்டர் எண்ணைத் தேடினால் அந்த இரண்டரை லட்சம் பக்கங்களையும் பார்க்க வேண்டும். இன்டெக்ஸ் இருந்தால்? பெரும்பாலான தரவுத்தளங்கள் பயன்படுத்துவது பி-ட்ரீ என்ற மர வடிவம். மேலே ஒரு பக்கம், அதன்கீழ் சில நூறு பக்கங்கள், அவை ஒவ்வொன்றின் கீழும் இன்னும் சில நூறு என்று விரியும். மூன்றே அடுக்கில் ஒரு கோடி வரிசைகள் அடங்கிவிடும். அந்த மூன்று பக்கங்களைப் பார்த்து, பிறகு ஆர்டர் இருக்கும் பக்கத்தையும் எடுத்தால் மொத்தம் நான்கு பக்கங்கள். இரண்டரை லட்சம் எங்கே, நான்கு எங்கே! பெரிய சர்வர் வாங்குவதால் மட்டும் இந்த அளவு லாபம் எளிதில் கிடைக்காது. "முதலில் இன்டெக்ஸைப் பார்" என்பவர்கள் சொல்வது இந்த இடத்தில் முழுக்கச் சரி.

எட்டும் நேரம்

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு பக்கத்தை எட்ட எவ்வளவு நேரம்?

ஹார்ட் டிஸ்க்கில் இது இயந்திர வேலை. சாதாரண டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய இடம் தரவைப் படிக்கும் முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 8 அல்லது 9 மில்லிவிநாடி. இரண்டும் சேர்ந்து சுமார் 12 மில்லிவிநாடி. ஒரு விநாடிக்கு எண்பது இடங்களைத் தொட்டாலே அதிகம்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றியது. பிறகு வந்தவற்றில் சர்வர்களுக்கென்றே செய்யப்பட்ட வேகமான டிஸ்க்குகளே 15,000 சுற்றோடு நின்றுவிட்டன. இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் சிபியு எத்தனையோ ஆயிரம் மடங்கு வேகமடைந்துவிட்டது. டிஸ்க்கின் சுழற்சியோ பன்னிரண்டரை மடங்குதான் கூடியது. தரவுத்தளங்களின் வடிவமைப்பில் பாதி தந்திரங்கள் இந்த இடைவெளியைச் சமாளிக்கப் பிறந்தவை. பி-ட்ரீயும் அவற்றில் ஒன்று.

எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. மின்சிப்பில் உள்ள தரவை நேரடியாகப் படிக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. சாட்டா எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்குக்காக உருவான பழைய இணைப்பிலேயே ஓடுகிறது. விநாடிக்கு சுமார் 550 எம்பிக்கு மேல் அதால் தர முடியாது. வேலைகளை வாங்கிக்கொள்ள அதற்கு இருப்பது ஒரே காத்திருப்பு வரிசை (கியூ), அதில் 32 வேலைகள் நிற்கலாம். என்விஎம்இ எஸ்எஸ்டி, எஸ்எஸ்டிகளையே மனதில் வைத்து 2011இல் வகுக்கப்பட்ட இணைப்பு முறையைப் பயன்படுத்துகிறது. அதில் இப்படி 64,000க்கும் மேற்பட்ட காத்திருப்பு வரிசைகளுக்கு அனுமதி உண்டு. ஒரே ஆள் தேடும்போது இந்த வரிசைக் கணக்கு பெரிதாகத் தெரியாது. நூறு பேர் ஒரே நேரத்தில் தேடும்போது தெரியும். நல்ல என்விஎம்இயில் ஒரு பக்கத்தை எட்ட சுமார் 0.1 மில்லிவிநாடி போதும்.

ராமில் ஓரிடத்தை எட்ட 100 நானோவிநாடி. அதாவது என்விஎம்இயைவிட ஆயிரம் மடங்கு, ஹார்ட் டிஸ்க்கைவிட லட்சம் மடங்குக்கும் மேல் வேகம். சார்பதிவாளர் அலுவலகத்தின் அளவுக்கு இதைக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: மேசையில் உள்ள தொகுதியை எடுக்க ஒரு விநாடி. என்விஎம்இ பதிவறைக்குப் போய்வர பதினேழு நிமிடம். ஹார்ட் டிஸ்க் பதிவறை என்றால் ஒரு நாளுக்கும் மேல்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். தரவு பக்கம் பக்கமாக வருகிறது. தொட வேண்டிய பக்கங்களின் எண்ணிக்கையை இன்டெக்ஸ் குறைக்கிறது. பக்கம் ராமில் இருக்கிறதா, எஸ்எஸ்டியில் இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆகும் நேரம் லட்சம் மடங்கு வரை மாறுகிறது.

ஹார்ட்வேர் மாறினால் சரியான வழியும் மாறும்

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் பட்டியலில் மதுரைக்குப் போன ஆர்டர்கள் மட்டும் வேண்டும். அவை 10,000. பட்டியல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஊர்ப் பெயருக்கு இன்டெக்ஸ் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்தானே?

ஹார்ட் டிஸ்க்கில் கணக்குப் போடுங்கள். 10,000 வரிசைகள் 10,000 வெவ்வேறு பக்கங்களில் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 12 மில்லிவிநாடி, மொத்தம் 120 விநாடி. முழு இரண்டு நிமிடம். இன்டெக்ஸை மறந்துவிட்டு 2 ஜிபி பட்டியலையும் முதலிலிருந்து கடைசி வரை நேராகப் படித்தால்? வரிசையாகப் படிக்கும்போது கை நகர வேண்டியதில்லை, டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி தரும். வேலை 13 அல்லது 14 விநாடியில் முடியும். இன்டெக்ஸ் வழியே போனால் ஒன்பது மடங்கு மெதுவாகிறது!

அதே தேடலை என்விஎம்இயில் செய்தால் 10,000 பக்கங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் ஒரு விநாடிதான். இப்போது இன்டெக்ஸ் வழி மோசமில்லை. தொடும் பக்கங்கள் இன்னும் குறைவென்றால் அதுவே வெல்லும்.

தாவித் தாவி எடுப்பதற்கும் வரிசையாகப் படிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத் தரவுத்தளம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. குவெரி வந்ததும் எந்த வழியில் போகலாம் என்று முடிவெடுக்கும் பகுதியைப் பிளானர் என்பார்கள். போஸ்ட்கிரஸின் பிளானரில் ரேண்டம் பேஜ் காஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் தொடக்க மதிப்பு 4. வரிசையாக ஒரு பக்கத்தைப் படிக்கும் செலவு 1 என்றால், தாவி எடுக்கும் செலவு 4 என்று பொருள். உண்மையான ஹார்ட் டிஸ்க்கில் வித்தியாசம் இதைவிட அதிகம். தாவி எடுக்கும் பக்கங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ராமில் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் 4 என்று வைத்திருக்கிறார்கள்.

சரி, இதனால் நமக்கு என்ன? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட பிறகும் இந்த மதிப்பை 4 என்றே விட்டுவைத்தால், பிளானர் இன்னும் பழைய டிஸ்க்கை நினைத்தே வழி சொல்லிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் இதை 1.1 போன்ற மதிப்புக்குக் குறைப்பது வழக்கம். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதி ஒரு வரி அமைப்பில் முடங்கிக் கிடப்பதைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ராம் எவ்வளவு வேண்டும்?

ஒருமுறை டிஸ்க்கிலிருந்து வந்த பக்கத்தைத் தரவுத்தளம் ராமிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கும். அடுத்த முறை கேட்டால் டிஸ்க்குக்குப் போக வேண்டாம். இப்படி வைத்துக்கொள்ளும் இடத்துக்கு கேஷ் என்று பெயர். தினசரி வேலையில் அடிக்கடி தொடப்படும் பக்கங்களின் தொகுப்பை வொர்க்கிங் செட் என்பார்கள். 100 ஜிபி தரவுத்தளத்தில் இந்த மாத ஆர்டர்களும் இன்டெக்ஸ்களும் மட்டும் 10 ஜிபி என்றால், வொர்க்கிங் செட் 10 ஜிபிதான். ராம் வாங்கும்போது பார்க்க வேண்டிய அளவு இதுவே.

வொர்க்கிங் செட் ராமில் அடங்கும்வரை எல்லாம் சீராகப் போகும். அடங்காமல் போகத் தொடங்கும் இடத்தில் வேகம் மெல்ல மெல்லக் குறையாது, சட்டென்று சரியும். கணக்கைப் பாருங்கள். ஒரு ரிப்போர்ட் 10,000 பக்கங்களைத் தொடுகிறது. 99 சதவீதம் ராமில் கிடைத்தால் 100 பக்கங்களுக்குத்தான் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கில் 1.2 விநாடி. ராமில் கிடைப்பது 90 சதவீதமாகக் குறைந்தால் டிஸ்க்குக்குப் போக வேண்டியவை 1,000 பக்கங்கள், 12 விநாடி. கேஷ் விகிதம் 9 புள்ளிதான் இறங்கியது. காத்திருப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு, யாரும் எதையும் மாத்தலையே" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். தரவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஒரு நாள் ராமைத் தாண்டியிருக்கும்.

என்விஎம்இ இருந்தால் இதே சரிவு 10 மில்லிவிநாடியிலிருந்து 100 மில்லிவிநாடி. பத்து மடங்குதான் என்றாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ராம் போதாமல் போகும் நாளுக்கு என்விஎம்இ நல்ல காப்பு.

ராம் வாங்கிச் சொருகினால் மட்டும் போதாது, தரவுத்தளத்துக்கும் சொல்ல வேண்டும். இன்னோடிபி தன் கேஷை பஃபர் பூல் என்கிறது, அதன் தொடக்க அளவு 128 எம்பி. போஸ்ட்கிரஸின் கேஷான ஷேர்டு பஃபர்ஸும் பொதுவாக 128 எம்பியில்தான் தொடங்கும். போஸ்ட்கிரஸ் இயங்குதளத்தின் கேஷையும் நம்பி ஓடுவதால் ஓரளவு தப்பிக்கும். தரவுத்தளத்துக்கென்றே உள்ள சர்வரில் ராமில் கால் பங்கைத் தொடக்கமாகக் கொடுக்கச் சொல்கிறது அதன் ஆவணம். இன்னோடிபிக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். 64 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் பஃபர் பூல் 128 எம்பியாகவே கிடந்தால், அந்த ராம் இருந்தும் தேடலுக்கு அதிகம் உதவாது.

சிபியுவுக்கு வேலை எப்போது?

பக்கங்கள் எல்லாம் ராமுக்கு வந்துவிட்ட பிறகு. வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, கூட்டுவது, இரண்டு பட்டியல்களை இணைப்பது, பெயரின் நடுவில் சில எழுத்துகளைத் தேடுவது எல்லாம் சிபியுவின் தலையில் விழும். நம் ஒரு கோடி வரிசைகளும் ராமில் இருந்தாலும், அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒரு கோருக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிவிடும்.

கோர் எண்ணிக்கையும் கோரின் வேகமும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். ஒரே ஒரு தேடல் சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலர் தேடுகிறார்கள் என்றால் கோர்கள் அதிகம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு குவெரி பெரும்பாலும் ஒரு கோரிலேயே ஓடுகிறது. போஸ்ட்கிரஸ் 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து பெரிய தேடல்களைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நான்கு பக்கம் தொடும் சின்னத் தேடலுக்கு இது உதவாது, பகிர்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

ஆக, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சர்வரில் கோர் கூட்டினால் காத்திருக்கும் கோர்கள்தான் கூடும்.

கிளவுடில் டிஸ்க் என்றால் என்ன?

வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வரில் டிஸ்க் பெரும்பாலும் அதே பெட்டிக்குள் இருப்பதில்லை, நெட்வொர்க் வழியே வருகிறது. உள்ளே எஸ்எஸ்டிதான் என்றாலும் எட்டும் நேரம் கூடும். அத்துடன் விநாடிக்கு எத்தனை முறை தொடலாம் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கும். அந்த எண்ணிக்கையை ஐஓபிஎஸ் என்பார்கள். அமேசான் கிளவுடின் ஜிபி3 (gp3) வகை டிஸ்க்கில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கிடைப்பது 3,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி. கூடுதல் வேண்டுமென்றால் தனியே பணம் கட்ட வேண்டும்.

நம் 2 ஜிபி பட்டியலை இந்த 125 எம்பி வேகத்தில் முழுதாகப் படித்தால் 16 விநாடி. மேலே பார்த்த ஹார்ட் டிஸ்க்கைவிட இது மெதுவு! "எஸ்எஸ்டி" என்ற பெயரை மட்டும் பார்த்து வேகத்தை எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முந்தைய ஜிபி2 (gp2) வகையில் இன்னொரு சிக்கல். ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் என்பது கணக்கு. 100 ஜிபி டிஸ்க்குக்கு 300தான். குறைவாகப் பயன்படுத்தும்போது சேர்ந்த வரவு (கிரெடிட்) இருக்கும்வரை 3,000 வரை போகவிடும், வரவு தீர்ந்ததும் 300க்கு இறக்கிவிடும். காலையில் பறந்த தேடல் மாலையில் ஊர்ந்தால் அந்த வரவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையில் அப்ளிகேஷனும் மும்பையில் தரவுத்தளமும் என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் வரக் குறைந்தது 10 மில்லிவிநாடி, கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் அதைவிடக் கூடும். ஒரு திரையைக் காட்ட நூறு சின்ன குவெரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் அப்ளிகேஷனுக்கு இதிலேயே ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். எவ்வளவு உயர்ந்த சர்வர் வாங்கினாலும் இது குறையாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், அல்லது நூறு குவெரிகளை இரண்டு மூன்றாகச் சுருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது

மெதுவான அந்த ஒரு குவெரியை எடுத்து இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் முறை 8 விநாடி, இரண்டாம் முறை அரை விநாடி என்றால் நேரம் போனது டிஸ்க்கில். முதல் ஓட்டத்தில் பக்கங்கள் ராமுக்கு வந்துவிட்டன, அதனால்தான் இரண்டாவது வேகம். இங்கே ராமோ வேகமான டிஸ்க்கோ பலன் தரும். இரண்டு முறையும் அதே 8 விநாடி என்றால் இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும்.

போஸ்ட்கிரஸில் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையுடன் அனலைஸ், பஃபர்ஸ் என்ற இரண்டையும் சேர்த்து ஓட்டினால், எத்தனை பக்கங்கள் அதன் கேஷிலேயே கிடைத்தன, எத்தனை வெளியிலிருந்து வந்தன என்று "ஹிட்", "ரீட்" என்ற தலைப்புகளில் காட்டும். பத்து வரிசை விடைக்கு இரண்டு லட்சம் பக்கங்கள் தொட்டிருந்தால் இன்டெக்ஸ்தான் குறை, கடைக்குப் போக வேண்டியதில்லை. ரீட் ஒவ்வொரு முறையும் அதிகமாகவே இருந்தால் வொர்க்கிங் செட் கேஷில் அடங்கவில்லை. எல்லாம் ஹிட், பக்கங்களும் நியாயமான எண்ணிக்கை, ஆனாலும் மெதுவு என்றால் அப்போது சிபியுவைப் பற்றிப் பேசலாம். லினக்ஸில் டாப் கட்டளையில் டபிள்யூஏ என்று தெரியும் எண்ணும் உதவும். சிபியு சும்மா இருந்து டிஸ்க்குக்காகக் காத்த நேரத்தை அது சதவீதமாகக் காட்டுகிறது.

என் அனுபவ அறிவில், சிறு நிறுவனத்தின் 20 ஜிபி தரவுத்தளத்துக்கு 32 ஜிபி ராமும் ஒரு நல்ல என்விஎம்இயும் போதும். அதற்கு மேல் செலவு செய்யத் துடிப்பவர்கள் முதலில் குவெரிகளைப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கணக்கான ஜிபி வைத்திருப்பவர்கள் வொர்க்கிங் செட்டை அளந்த பிறகே ராமின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

புதிய சர்வரைச் சோதிக்கும்போது உங்கள் தரவின் முழு நகலையும் போட்டுச் சோதியுங்கள். ஆயிரம் வரிசை மாதிரித் தரவு எந்த இயந்திரத்திலும் முழுதாக ராமில் அடங்கிவிடும், டிஸ்க்கின் குறை அதில் வெளியே தெரியாது. சோதனையை ஒரே ஆளாக ஓட்டாமல், உங்கள் அலுவலகத்தில் பரபரப்பான நேரத்தில் எத்தனை பேர் தேடுவார்களோ அத்தனை இணைப்புகளில் ஓட்டுங்கள். கிளவுட் டிஸ்க் என்றால் வரவு தீரும்வரை, அதாவது சில மணி நேரமாவது, தொடர்ந்து ஓட்டுங்கள்.